நிறம் மாறாத குழிகள்

கோழிக்கும் இதய நோய் வரும் என்றால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. நீங்களும் சிரித்தீர்கள். தப்பில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சிரித்தவள்தான்.

இறைச்சிக்கென்று வளர்க்கிற கோழிகளுக்கு எல்லாவற்றிலும் அவசரம். உடம்பு வளர்கிற வேகத்துக்கு நெஞ்சும் நுரையீரலும் ஈடுகொடுக்க முடியாது. நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் வீங்கிவிடும். பிறகு தளர்ந்துபோகும். வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பண்ணைக்காரர்கள் அதைத் தண்ணி வயிறு என்பார்கள். காலையில் தீனித்தொட்டியில் முட்டி மோதிக்கொண்டிருந்த கோழி மதியம் மல்லாந்து கிடக்கும். வெளியே தெரிகிற அடையாளங்கள் கொஞ்சம்தான். கொண்டை கருநீலமாகும். வாயைத் திறந்தபடி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். விரட்டினாலும் எழுந்து போகாது. இதெல்லாம் கண்ணில் படும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

அதற்கு முன்பே கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. தங்கையைப் பற்றிக் கேட்டால் இவள் கோழிக்கதை சொல்கிறாளே என்று உங்கள் பக்கத்தில் தட்டச்சு செய்கிறவர் பெருமூச்சு விடுகிறார். இரண்டும் ஒரே கதைதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உடம்பு தனக்கு அந்நியமான ஒன்றைப் பார்த்தால் சந்தேகப்படும். அந்தச் சந்தேகத்துக்குக் கை முளைத்தால் அதுதான் ஆன்டிபாடி. கோழியின் இதயம் சிரமப்படும்போது இரத்தத்தில் ஒரு புரதம் கசிகிறது. அதைப் பிரித்தெடுத்து முயலுக்கு ஊசியில் ஏற்றுவேன். முயலின் உடம்பு முறைத்துப் பார்க்கும், அடையாளம் வைத்துக்கொள்ளும், ஆன்டிபாடி செய்யும். பிறகு அதன் காது நரம்பிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்தால் போதும். அந்த ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற பொருள் அதில் இருக்கும். அதை வைத்து எந்தக் கோழியையும் சோதிக்கலாம். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். நோய் தொடங்கிய கோழியின் இரத்தத்தை உறையவிட்டு, மேலே தெளிந்து நிற்கிற நீரை விட்ட குழி மஞ்சளாகும். நோயில்லாத குழி நிறம் மாறாமல் தண்ணீர் போலவே இருக்கும்.

மனிதருக்கென்று கடையில் கிடைக்கிற ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை கோழியிடம் பலிக்காது. கோழிக்காக யாரும் மெனக்கெட்டதில்லை. நான் மெனக்கெட்டேன். இளமை முழுவதும் அதில்தான் போயிற்று. குறையாகச் சொல்லவில்லை.

தங்கையை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகிப் பள்ளிக்கூட ஆசிரியையான பிறகும் பாப்பாதான். அம்மா போனபோது அவள் பால் பற்கள் விழாத குழந்தை. நான் கல்லூரியில் சேர இருந்தவள். தலை வாரிவிட்டதிலிருந்து மாப்பிள்ளை பார்த்தது வரை எல்லாம் நான்தான். மாப்பிள்ளை எங்கள் ஆய்வகத்திலேயே வேலை பார்க்கிறவர். செத்த கோழிகளை அறுத்துப் பார்த்து எதனால் செத்தது என்று சொல்கிற டாக்டர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கீழே அவர்கள் இரண்டு பேரும், மாடியில் நானும் இருந்தோம்.

பாப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். நுரையீரல் குழாய்களில் அழுத்தம், அதனால் இதயத்தின் வலது பக்கம் சிரமப்படுகிறது என்றார்கள். என் கோழிகளுக்கு வருகிற அதே நோய். பள்ளிக்கூட மாடிப்படி ஏற முடியாமல் வேலையை விட்டாள். மாத்திரை மட்டும் தவறாமல் சாப்பிட்டால் பல வருஷம் நன்றாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தாள். ஒரு பத்திரிகையில் எங்களைப் பற்றி எழுதினார்கள், தங்கைக்காகக் கோழியை ஆராயும் அக்கா என்று. உண்மையில் அவள் நோயில் விழுவதற்கு வெகு காலம் முன்பே நான் ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டேன். ஆனால் படிக்க நன்றாக இருந்தது. நான் மறுக்கவில்லை.

அவளுக்கு வாய் அதிகம்.

"உன் கோழிக்கு மூச்சு வாங்கினா ஆராய்ச்சி. எனக்கு மூச்சு வாங்கினா, மெதுவா ஏறக் கூடாதாடின்னு திட்டு. அடுத்த ஜென்மத்துல கோழியாப் பொறக்கறேன்க்கா."

"பொறந்தா அறுத்துருவாங்கடி."

"எம் புருஷன்தானே அறுப்பாரு? தெரிஞ்ச கைதான். வலிக்காம அறுப்பாரு."

தம்பி சிரித்துக்கொண்டே தண்ணீரும் மாத்திரையும் நீட்டுவார். மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்துப் போட ஒரு கட்டம் போட்ட டப்பா வைத்திருந்தார். வாரத் தொடக்கத்தில் அதை நிரப்புவது அவர், வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பதும் அவர். நான் எதற்காவது அவளை அதட்டினால், "இந்த அக்காவ நீங்க கேக்கவே மாட்டீங்களா?" என்று அவரிடம் முறையிடுவாள்.

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா? விடு பாப்பா" என்பார்.

இதை நான் மறக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் நல்லவர். உங்கள் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருக்கிறீர்களே, அவரிடம் இந்த விஷயத்தில் ஒரு குற்றமும் இல்லை.

என் ஆன்டிபாடியை எங்கள் துறையின் வருடாந்திரக் கூட்டத்தில் மற்ற ஆய்வகங்களுக்குக் கொடுப்பதாக இருந்தது. பல ஊர்களிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தார்கள். கோழிகளின் நெஞ்சு நோயை இனிமேல் எல்லோரும் என் ஆன்டிபாடியை வைத்துத்தான் பார்ப்பார்கள் என்றார் எங்கள் இயக்குநர். அவரை நாங்கள் பெரியவர் என்போம். அந்தச் சமயத்தில்தான் தம்பி ஒரு பண்ணையிலிருந்து கோழிகளைக் கொண்டுவந்து அறுத்தார். எல்லாவற்றுக்கும் வயிறு நிறையத் தண்ணீர், இதயம் தளர்ந்த பை மாதிரி. சாவதற்கு முன் எடுத்த இரத்தத்தை என் தட்டில் விட்டுப் பார்த்தார். குழிகள் நிறம் மாறவில்லை. அடுத்த கொட்டகையில் வெறும் சளி பிடித்துத் தும்மிக்கொண்டிருந்த கோழிகளின் இரத்தம் பளிச்சென்று மஞ்சளாயிற்று.

அவர் என்னிடம் வந்து கேட்கவில்லை. முயல் கூடத்துக்குப் போனார். நான் பின்னால் போய் வாசலில் நின்றேன். முயலை மடியில் வைத்து, காதை விரல்களுக்கு நடுவில் விட்டு மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். மயிரை விலக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் இரத்தம் எடுக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஆறிப்போன பழைய தழும்பு ஒன்று இருந்தது.

"அக்கா, இந்த முயலுங்க நம்மகிட்ட வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?"

"ஏன் தம்பி?"

"சும்மா கேட்டேன்."

யாரும் சும்மா கேட்பதில்லை. உங்கள் தொழிலில் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

முயல்கள் வேறு பிரிவிலிருந்து வந்தவை. புது முயல்கள் வரத் தாமதமானதால் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பிரிவில் கோழிச்சளிக் கிருமியைப் பற்றிய வேலை நடந்தது. அந்தக் கிருமியை இந்த முயல்களுக்கு ஏற்கெனவே ஏற்றியிருந்தார்கள். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. முயலுக்கு முதல் ஊசி போடுவதற்கு முன் அதன் இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து ஒரு குப்பியில் விட்டு உறைபெட்டியில் தனியாக வைக்க வேண்டும். நாம் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே அந்த உடம்புக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. நான் எடுக்கவில்லை. அவசரம். பிறகு அந்தக் குப்பி எங்கே என்ற பேச்சு வந்தபோது, எந்த ஊசியும் படாத ஒரு குட்டி முயலின் இரத்தத்தை எடுத்து வைத்தேன். அதை ஏமாற்று என்று சொல்வது பெரிய வார்த்தை. வாசலில் கோலம் இல்லையே என்று கேட்பவர்களுக்காக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவதில்லையா, அது மாதிரி.

தம்பியின் வாதம் இதுதான். நோயை வரவழைப்பதற்காக நாங்கள் காற்றைக் குறைத்த அறையில் கோழிகளை அடைத்து வைப்போம். நெருக்கி அடித்து இருந்ததால் அவற்றுக்கெல்லாம் சளியும் பிடித்திருந்தது. என் ஆன்டிபாடி கண்டுபிடித்தது சளியைத்தான். இதயத்தைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது.

"கூட்டத்துல நான் எழுந்து சொல்றத விட நீங்களே சொன்னா நல்லாருக்கும்க்கா. தப்பு யாருக்கும் வரும். நான் உங்க பக்கத்துல நிக்கறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. பாப்பாவிடம் இதைச் சொல்லவில்லை என்றும், சொல்லப்போவதில்லை என்றும் சொன்னார். "உங்கள அவ தெய்வமா வச்சிருக்கா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன்.

முயலுக்கு ஊசி போடுவதில் புதியவர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு. முதல் ஊசிக்குப் பிறகு எதுவுமே நடந்ததாகத் தெரியாது. முயல் பாட்டுக்குக் கீரை தின்றுகொண்டிருக்கும். பதறிப்போய் மறுநாளே இன்னொன்று போடுவார்கள். கூடாது. விட்டுவிட வேண்டும். உடம்பு தனியாக இருந்து யோசிக்கட்டும். அடுத்த ஊசி ஞாபகப்படுத்துவதற்கு மட்டும்தான். அதோடு, புரதத்தை வெறுமனே கொடுத்தால் உடம்பு சட்டை செய்யாது. எண்ணெய் மாதிரியான ஒன்றில் குழைத்துக் கொடுக்க வேண்டும். அது உறுத்தும். உறுத்தினால்தான் உடம்பு திரும்பிப் பார்க்கும்.

பாப்பாவுக்காக நான் எடுத்துக்கொண்ட எண்ணெய், உண்மை. பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை. வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"தம்பி மாத்திரைய மாத்திட்டாரா பாப்பா? அட்டை வேற கலர்ல இருக்கே."

"கடையில இந்தக் கம்பெனிதான் இருந்துச்சாம். மருந்து அதேதானாம்."

"ஓ. அப்படியா. சரி சரி."

அவ்வளவுதான். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் வழக்கம்போல் கேலி பேசிக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு அம்மாவிடம் கதை அளந்துகொண்டு இருந்தாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள போன் கெடைக்கலையா?"

"கெடைக்குதே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. தம்பி தெருவுல வெயில்ல நின்னு பேசிட்டிருந்தாரு. பாவமா இருந்துச்சு."

அவர் பேசிக்கொண்டிருந்தது பண்ணைக்காரரோடு. என்னைப் பற்றிய பேச்சு பாப்பாவின் காதில் விழக் கூடாதே என்றுதான் வெளியே போனார்.

அதற்கு மேல் நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் அவளே மாடிக்கு வந்தாள். படிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறி வந்து, என் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, அவரு எங்கிட்ட எதையோ மறைக்கறாரு."

"அப்படியெல்லாம் பேசாத."

"இல்லக்கா. நான் உள்ள வந்தா பேச்ச நிறுத்தறாரு. கேட்டா சிரிக்கறாரு. அந்தச் சிரிப்பே சரியில்ல."

அவர் மறைத்தது என்னை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

"மாத்திரை வேற கசக்குது" என்றாள்.

"மாத்திரைன்னா கசக்கத்தான் செய்யும்."

"முன்ன கசக்கல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறு வயதில் இடி இடித்தால் இப்படித்தான் பார்ப்பாள், பயப்படலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இனிமே நீயே குடுக்கா. உன் கையால குடுத்தாத்தான் நான் முழுங்குவேன்."

கீழே போய்த் தம்பியிடம் அவளே சொன்னாள். அவர் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு, "யாரு குடுத்தா என்ன, உள்ள போனா சரி" என்றார். டப்பாவை நிரப்புவது மட்டும் அவர் வேலையாகவே இருந்தது. எடுத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று.

இதற்கிடையில் நான் நாள் கடத்துவதைப் பார்த்துத் தம்பி பெரியவரிடம் போய்விட்டார். அங்கேயும் நான் முன்பே ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தேன். பாப்பா உடம்பு சரியில்லாததில் தம்பிக்கு மனசு சரியில்லை, என் மேல்கூட வருத்தமாக இருக்கிறார், பாவம் என்று. பெரியவர் அவரிடம், "குடும்பச் சண்டையை ஆய்வகத்துக்குள்ள கொண்டு வராதீங்க டாக்டர்" என்றிருக்கிறார். ஆனாலும் நியாயமானவர். ஆதாரம் இருந்தால் கூட்டத்திலேயே எல்லோர் முன்னாலும் காட்டட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஆக, கூட்டத்தன்று தம்பி வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பெண்டாட்டிக்கு முடியவில்லை என்றால் எந்த நல்ல புருஷனும் வீட்டில்தான் இருப்பான்.

வாரா வாரம் அவர் நிரப்பி வைத்ததும், டப்பாவில் இருந்த மாத்திரைகளை எடுத்துவிட்டு, அதே அளவில் அதே வெள்ளையில் இருந்த சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளைப் போட்டேன். எலும்புக்கு நல்லது. அவற்றால் யாருக்கும் கெடுதல் வராது. நீங்கள் டப்பாவில் கண்டெடுத்தது அவற்றைத்தான்.

நான் கண்மூடித்தனமாகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். எந்தச் சோதனையிலும் ஒரு எல்லை வைத்துக்கொள்வோம். காற்றைக் குறைத்த அறையில் இருக்கிற கோழியை எந்தக் கட்டத்தில் வெளியே எடுத்தால் அது பிழைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். பாப்பாவையும் அந்தக் கட்டம் வராமல் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தேன். தினமும் காலையில் அவள் விரலில் லேசாகக் குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டு போனேன். இதயம் என்பது இதயம்தானே, மற்றப் புரதங்கள் எப்படியோ, இந்தப் புரதம் கோழிக்கும் மனிதருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதது. குழி லேசாக மஞ்சள் காட்டினாலும் போதும், அன்றே பழைய மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

குழி ஒரு நாளும் நிறம் மாறவில்லை.

கணுக்கால் வீங்கியது. கொலுசைக் கழற்றி வைத்தாள். வயிறு உப்பியதில் பாவாடை நாடா பதிந்து தடம் தெரிந்தது. படுக்க முடியாமல் நாற்காலியிலேயே தூங்க ஆரம்பித்தாள். நான் தட்டைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"அக்கா, பாரேன். உன் கோழி மாதிரியே வாயைத் தெறந்துட்டு உக்காந்திருக்கேன்" என்று சிரித்தாள். சிரித்தது இருமலாக மாறியது.

தம்பி ஒரு நாள் சமையலறையில் என்னை நிறுத்தினார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மாத்திரை வேளாவேளைக்குப் போகுதுல்ல?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் உடனே தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சிருங்கக்கா. பயத்துல கேட்டுட்டேன்."

"சந்தேகமா இருந்தா நீங்களே குடுங்க தம்பி" என்று சற்று உரக்கவே சொன்னேன்.

உள்ளேயிருந்து பாப்பாவின் குரல் வந்தது. "வேணாம். உங்க கையால எனக்கு எதுவும் வேணாம்." அத்தனை மூச்சை எங்கிருந்து சேர்த்தாளோ தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா உங்களிடம் சொன்னது இந்தக் குரலைத்தான். அவர் பொய் சொல்லவில்லை.

கூட்டத்தன்று காலையில் விரலை அவளாகவே நீட்டினாள். "இந்தா, குத்திக்கோ" என்றாள். நகம் கருநீலமாக இருந்தது. குத்தினால் இரத்தம் உடனே வரவில்லை, பிதுக்க வேண்டியிருந்தது. நல்ல புடவை கட்டியிருந்தேன். "அழகா இருக்கக்கா. மேடையில போய் உம்முன்னு நிக்காத" என்றாள். அவள் எனக்கு முழு மனதோடு சொன்ன கடைசி வார்த்தை அது என்று நினைக்கிறேன்.

தம்பி எதிர்பார்த்தபடியே வீட்டில் இருந்துவிட்டார்.

ஆய்வகத்தில் தட்டை வைத்துவிட்டு, பேச வேண்டியதைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது போன் வந்தது.

"அக்கா, பாப்பாவுக்கு உதடெல்லாம் நீலமாயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா வண்டியில ஏற மாட்டேங்கறா. என் கையத் தட்டி விடறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, நீங்க சொன்னா வருவா." அழுதுகொண்டிருந்தார்.

அவள் காதில் போனை வைத்தார். மூச்சு மட்டும் கேட்டது. காற்றைக் குறைத்த அறையின் கண்ணாடியில் காதை வைத்தால் கேட்குமே, அது மாதிரி.

"அக்கா... போகட்டுமா?"

தட்டு என் கையில் இருந்தது. அவளுடைய குழி தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

"பதறாத. உனக்கு ஒண்ணுமில்ல. சாயங்காலம் நான் வந்துடறேன், அது வரைக்கும் அப்படியே உக்காந்திரு" என்றேன்.

"சரிக்கா."

அவள் எப்போதும் சொன்னபடி கேட்கிறவள். உட்கார்ந்தே இருந்தாள். நான் மேடையில் இருந்தபோது அது முடிந்திருக்கிறது. என் பேச்சுக்குப் பிறகு வெகு நேரம் கை தட்டினார்கள். ஆன்டிபாடிக் குப்பிகளைப் பனிப்பெட்டிகளில் வைத்து எல்லா ஆய்வகங்களுக்கும் கொடுத்தனுப்பினோம்.

ஆஸ்பத்திரியில் மாத்திரையைப் பற்றிக் கேட்பார்கள் என்ற பயத்தில்தான் போக வேண்டாம் என்று சொன்னேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. தட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். ஒருவேளை தட்டு தப்பாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லையா என்றும் கேட்கிறீர்கள். தட்டை நம்பாமல் இருப்பதென்றால் தம்பியை நம்ப வேண்டும். அது எப்படி முடியும்?

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். டப்பாவை நிரப்பியவர் அவர். உள்ளே இருந்தது மருந்தே இல்லை. பாப்பா கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கிறது. பெரியவரும் அவருக்கு மனசு சரியில்லை என்று சொல்லியிருப்பார். நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது என்ன நம்புங்கக்கா" என்றார். நம்புகிறேன் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

முன்பு நீங்கள் வந்தபோதெல்லாம் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, இன்று நானாகவே வந்து ஏன் சொல்கிறேன் என்று உங்கள் கண் கேட்கிறது. மனசாட்சி என்று எழுதிக்கொண்டால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் காரணம் வேறு. தம்பியின் வக்கீல் கேட்டுக்கொண்டபடி, என் குப்பிகளையும் அந்த முயல்களையும் வேறொரு ஆய்வகத்துக்குச் சோதனைக்கு அனுப்பப்போவதாக நேற்று சொன்னீர்கள். ஆன்டிபாடி பொய் என்று தெரிந்தால் அதை மறைக்க நான் எதையும் செய்திருப்பேன் என்று நிரூபிக்கலாமாம். அந்தச் சிரமமே தேவையில்லை. நான்தான் செய்தேன். மாத்திரையை மாற்றினேன், அவள் மனதைக் கெடுத்தேன், போக வேண்டாம் என்று சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தம்பியை விட்டுவிடுங்கள், குப்பிகள் இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாரே. இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆன்டிபாடியில் ஒரு குறையும் இல்லை. என் பாப்பாவின் இரத்தத்தில்தான் ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும்.